கிட் க்ரூப்பாவின் பர்மனென்ட் வேலை

பத்து வயதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பெரும்பாலோர் பதினாறாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை கிரிக்கெட் பந்தால் உடைத்துவிட்டு மொட்டைமாடியில் பதுங்கியிருந்திருப்பீர்கள்.

லண்டனில் விக்டர் ஃபெல்ட்மன் என்று ஒரு பையன். 1944-ல் அவனுக்கும் பத்து வயதுதான். அந்த வருஷம் அவன் க்ளென் மில்லரின் அமெரிக்க ராணுவ விமானப்படை வாத்தியக் கோஷ்டியோடு மேடையேறி டிரம்ஸ் வாசித்தான். மில்லர் என்றால் அன்றைய தேதியில் சாதாரண ஆசாமி இல்லை. ரேடியோவைத் திருகினால் அவர் பாட்டுதான். அதே டிசம்பர் 15-ம் தேதி இங்கிலீஷ் கால்வாய்க்கு மேலே விமானத்தோடு காணாமல் போனார். இன்றுவரை ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. பையன் மட்டும் மிச்சம்.

இந்த வாரம் அந்தப் பையனைப் பற்றித்தான். ஜாஸ் பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். இது கடைசியில் சம்பளத்தைப் பற்றிய சமாசாரம்.

*

விக்டர் பிறந்தது 1934 ஏப்ரல் 7. ஏழு வயதிலேயே டிரம்ஸ். ஒரு அண்ணன் க்ளாரினெட், இன்னொரு அண்ணன் அக்கார்டியன், தம்பி டிரம்ஸ் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு ட்ரையோ. அப்பாவுக்குப் பையன்கள் மீது அபார நம்பிக்கை. நம் அப்பாக்கள் ட்யூஷன் வைப்பார்கள். அவர் ஒரு க்ளப்பே வைத்துவிட்டார். 1942 அக்டோபரில், ஆக்ஸ்ஃபோர்டு தெரு நூறாம் நம்பர் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஒரு ரெஸ்டாரென்ட்டை ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளுக்கு வாடகைக்குப் பிடித்து, 'ஃபெல்ட்மன் ஸ்விங் க்ளப்'.

யுத்த காலம். 1944-ல் ஜெர்மானியர்கள் ஆளில்லாமல் பறந்து வந்து விழும் வி-1 குண்டுகளை லண்டன் மேல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். க்ளப்காரர்கள் அசரவில்லை. குண்டை மறந்துவிட்டு எங்களிடம் வந்து ஆடுங்கள் என்கிற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். தரைக்குக் கீழே இருக்கிற க்ளப் என்பதால், ஆட்டத்துக்கு ஆட்டம், பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. இடத்துக்குப் பெயர்தான் மாறியிருக்கிறது. இப்போது '100 க்ளப்'. 80 வருஷம் தாண்டியும் அதே பாதாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.

பையனுக்குப் பட்டப் பெயர் 'கிட் க்ரூப்பா'. ஜீன் க்ரூப்பா அமெரிக்காவில் டிரம்மர்களின் சூப்பர் ஸ்டார். 1938-ல் கார்னெகி ஹாலில் பென்னி குட்மன் கோஷ்டியோடு 'ஸிங் ஸிங் ஸிங்' வாசித்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்மரும் கதாநாயகன் ஆகலாம் என்று நிரூபித்தவர். அவருடைய குட்டிப் பதிப்பு என்று அர்த்தம். சினிமாக்காரர்கள் விடுவார்களா? எட்டு, ஒன்பது வயதுக்குள் இரண்டு ஆங்கிலப் படங்களில் தலைகாட்டிவிட்டான்.

*

இங்கே கொஞ்சம் டெக்னிகல். பயப்படாதீர்கள், ஒரு பாரா தாங்கும்.

ஜாஸ் டிரம்ஸ் என்பது ஓர் ஆள், நாலு வேலை. வலது கை ஒன்று செய்யும், இடது கை அதற்குப் பதில் சொல்லும், வலது கால் பெரிய டிரம்மை உதைக்கும், இடது கால் இரண்டு தட்டுகளை மூடித் திறக்கும். நம் ஆபீசில் நாலு பேர் செய்கிற வேலையை ஒருவர் செய்வார் இல்லையா, அந்த மாதிரி. க்ரூப்பா காலத்தில் வலது கால்தான் இஞ்சின். ஒவ்வொரு அடிக்கும் தொம் தொம் தொம் தொம் என்று உதைத்தால்தான் ஹாலில் ஜனம் ஆடும். 1940-களில் கென்னி க்ளார்க் என்ற அமெரிக்கர் இந்த வேலையைக் காலிலிருந்து எடுத்து, வலது கையால் தட்டும் பெரிய தாளத் தட்டுக்கு மாற்றினார். காலுக்கு விடுதலை. எதிர்பாராத இடத்தில் ஒரு குத்து வைக்கலாம். வாசிக்கிறவனைச் சீண்டலாம், குறுக்கே பேசலாம். அதுவரை வண்டி இழுத்துக்கொண்டிருந்தவன் பேச்சுத் துணை ஆனான். 'பீபாப்' என்ற புது ஜாஸ் இப்படித்தான் மூச்சுவிட ஆரம்பித்தது.

இது லண்டனுக்கு வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. 1935-லிருந்து சுமார் இருபது வருஷம் அமெரிக்கக் கோஷ்டிகள் பிரிட்டனில் வாசிக்க ஏறக்குறையத் தடை. எங்கள் ஆட்களை அங்கே விடமாட்டாயா, உன் ஆட்களுக்கு இங்கே என்ன வேலை என்று யூனியன் சண்டை. (யுத்த சமயத்தில் ராணுவ உடுப்பில் வந்த மில்லர் கோஷ்டி விதிவிலக்கு.) லண்டன் பையன்கள் என்ன செய்தார்கள்? அட்லாண்டிக் கப்பல்களில் டான்ஸ் கோஷ்டியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். போகும்போது பணக்காரக் கிழவிகளுக்கு வால்ட்ஸ் வாசிப்பது, நியூயார்க்கில் கப்பல் நிற்கிற ஓரிரு நாளில் 52-வது தெருவுக்கு ஓடிப்போய்ப் புது சங்கீதத்தைக் காதில் நிரப்பிக்கொள்வது, திரும்பி வந்து நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவது. பிற்காலத்தில் லண்டனின் பிரசித்தமான ஜாஸ் க்ளப்பைத் திறந்த ரானி ஸ்காட் இப்படிக் கப்பலேறியவர்தான். அந்த நாள் டவுன்லோடு இது. கடல் வழியாக!

*

குழந்தை மேதைகளுக்கு ஒரு சாபம் உண்டு. குழந்தை வளர்ந்துவிடும். பத்து வயதில் கை தட்டியதற்குப் பாதிக் காரணம் வயது. பதினெட்டில் அதையே வாசித்தால், "நல்லாத்தான் வாசிக்கிறான்" என்று காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

விக்டருக்கு இது புரிந்திருந்தது என்றே தோன்றுகிறது. ஒன்பது வயதில் பியானோ, பதினாலில் வைப்ரஃபோன் என்று கைவசம் மேலும் இரண்டு தொழில் சேர்த்துக்கொண்டான். (வைப்ரஃபோன் என்பது உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, குச்சியால் தட்டுவது. கிண்ணத்துக்குப் பதில் பட்டை வைத்த ஜலதரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கீத வித்வான்கள் மன்னிக்கவும்.) 1952, 53-ல் எடி கேரல் என்ற பியானோக்காரரின் கோஷ்டியோடு நம் இந்தியாவுக்கும் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்.

1954-ல் ரானி ஸ்காட்டின் கோஷ்டி. அதில் விக்டர் வைப்ரஃபோன். டிரம்ஸ் ஸ்டூலில் வேறொருவர்: ஃபில் ஸீமன்.

இந்த ஸீமனைச் சொல்லாமல் நகர முடியாது. விக்டரைவிட எட்டு வயது மூத்தவர். அன்றைய பிரிட்டனில் அவருக்கு மிஞ்சிய டிரம்மர் இல்லை என்று சத்தியம் செய்ய ஆள் இருந்தார்கள். பின்னாளில் 'க்ரீம்' கோஷ்டியில் உலகப் புகழ் பெற்ற ஜிஞ்சர் பேக்கருக்குக் குரு. 'வெஸ்ட் ஸைடு ஸ்டோரி' நாடகம் லண்டனில் நடந்தபோது மேடைக்கு முன்னால் உள்ள வாத்தியப் பள்ளத்தில் வாசித்தார். ஒருநாள் நடுவில் தூங்கிவிட்டார். பக்கத்து ஆள் உசுப்பினார். திடுக்கிட்டு எழுந்தவர் பின்னாலிருந்த பெரிய காங்கின் மேல் மோத, தியேட்டரே அதிர்ந்தது. ஸீமன் நிதானமாக எழுந்து நின்று, "சீமான்களே, சீமாட்டிகளே, சாப்பாடு தயார்" என்று அறிவித்ததாக ஜாஸ்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கலாம். ஆனால் அந்தத் தூக்கத்துக்குக் காரணம் ஹெராயின். 1957-ல் ஸ்காட் கோஷ்டியோடு அமெரிக்கா போக சௌதாம்ப்டனில் கப்பலேறப் போன இடத்தில் போதைப் பொருளோடு பிடிபட்டார். கப்பல் போய்விட்டது. ஒரு டிரம்மர் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் பயணம் அது. 1972-ல் இறந்தபோது வயது 46.

ஒரே கோஷ்டி, இரண்டு டிரம்மர்கள். ஒருவருக்கு நாளைக்கு என்பதைப் பற்றிக் கவலையே கிடையாது. இன்னொருவர் நாளைக்கென்று மூன்று வாத்தியம் கற்று வைத்திருந்தார்.

*

"அமெரிக்கா போ" என்று விக்டரைக் கிளப்பியது ரானி ஸ்காட்தான். நல்ல ஆளை விட்டுக்கொடுக்க முதலாளிக்கு மனசு வேண்டும். விக்டர் 1955-ல் கிளம்பினார். வயது 21. லண்டனில் பெயர், புகழ், வேலை எல்லாம் இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. முதல் நிலையான வேலை உட்டி ஹெர்மனின் பெரிய கோஷ்டி. ராத்திரி ஒரு ஊரில் வாசித்துவிட்டு பஸ்ஸில் ஏறித் தூங்கி, மறுநாள் வேறு ஊரில் கண் விழிப்பது. மாசக்கணக்கில். சில காலம் இளைஞர்களுக்கு இது சாகசம். பிறகு முதுகுவலி.

1957-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தங்கினார். கடற்கரை க்ளப்பான 'லைட்ஹவுஸி'ல் வாசித்தார். 1958-ல் ஸ்காட் லஃபாரோ என்ற அபூர்வ பாஸ் கலைஞரோடு 'தி அரைவல் ஆஃப் விக்டர் ஃபெல்ட்மன்'. 1960-ல் கேனன்பால் ஆடர்லி கோஷ்டியில் பியானோ. 1962-ல் பென்னி குட்மனோடு சோவியத் யூனியன் சுற்றுப்பயணம். மற்றவர்கள் பொம்மை வாங்கி வருவார்கள். இவர் ரஷ்ய ஜாஸ்காரர்களின் மெட்டுகளோடு வந்து அமெரிக்காவில் ஒரு ஆல்பமே போட்டார்.

பிறகு 1963. இங்கேதான் கதை.

மைல்ஸ் டேவிஸின் பழைய கோஷ்டி கலைந்துபோயிருந்தது. ஏப்ரலில் ஹாலிவுட்டில் ஒரு பதிவு. பியானோவில் விக்டர். மூன்று மெதுவான பாட்டுகள், அற்புதமாக வந்தன. மைல்ஸுக்குப் பிடித்துவிட்டது. "என் கோஷ்டியில் சேர்ந்துவிடு" என்றார். கவனியுங்கள், மைல்ஸ் டேவிஸ் ஆள் தேடி விளம்பரம் கொடுக்கிறவர் இல்லை. அவர் கூப்பிட்டால் ஜாஸ் உலகத்தில் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை.

விக்டர் மாட்டேன் என்றுவிட்டார்.

காரணம்? லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்டூடியோ வேலை. சினிமா, டி.வி., இசைத்தட்டு. ஒரு கால்ஷீட் மூன்று மணி நேரம். போனதும் எதிரே நோட்டு வைப்பார்கள். ஒத்திகை அநேகமாகக் கிடையாது. பார்த்தவுடன் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். யூனியன் ரேட் கரெக்டாக வரும். ஒரே கால்ஷீட்டில் இரண்டாவது வாத்தியத்தைத் தொட்டால் கூடுதல் கூலி. டிரம்ஸ், வைப்ரஃபோன், பியானோ, மரிம்பா, காங்கா என்று தட்டுவதெல்லாம் தெரிந்த ஆளுக்கு அது காமதேனு. சாயங்காலம் சொந்த வீட்டில் சாப்பாடு. மைல்ஸே தன் சுயசரிதையில் இந்த விஷயத்தை ஒப்புக்கொள்கிறார்: ஸ்டூடியோவில் கொழிக்கிறவனுக்கு என்னோடு வந்தால் நஷ்டம்தான் என்கிற அர்த்தத்தில்.

மே மாதம் நியூயார்க்கில் ஆல்பத்தின் மீதிப் பாதி பதிவானது. பியானோவில் 23 வயது ஹெர்பி ஹான்காக். டிரம்ஸில் 17 வயது டோனி வில்லியம்ஸ். பாஸ், ரான் கார்ட்டர். அடுத்த வருஷம் வேய்ன் ஷார்ட்டர் வந்து சேர, அது ஜாஸ் சரித்திரத்தின் மகத்தான கோஷ்டிகளில் ஒன்றாகிவிட்டது. ஹான்காக் பெயர் இன்று உலகத்துக்கே தெரியும். விக்டர் ஃபெல்ட்மன்? இந்தப் பக்கத்தைப் படிக்குமுன் உங்களுக்குத் தெரியுமா, சொல்லுங்கள்.

*

இதை ஆபீஸ் கேன்டீனில் ஒரு இளைஞரிடம் சொன்னேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். கிடார் வாசிப்பார். தேதி எண்ணிக்கொண்டு ராஜினாமா கடிதம் டிராஃப்ட் பண்ணிக்கொண்டிருக்கிற ஜாதி.

"என்ன சார் இது, கோட்டை விட்டுட்டாரே! மைல்ஸ் டேவிஸ் கூப்பிட்டா நான் சம்பளம் இல்லாமகூட போயிருப்பேன்."

பக்கத்தில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த சீனியர் திரும்பினார். இரண்டு பெண்கள், ஒரு ஹவுசிங் லோன். "தம்பி, அவருக்கு அப்ப என்ன வயசு?"

"இருபத்தொம்பது சார்."

"எப்ப வேலைக்குச் சேர்ந்தாரு?"

இளைஞர் யோசித்தார். "ஏழு வயசுல."

"அப்ப சர்வீஸ் எத்தனை வருஷம்?"

இருபத்திரண்டு! இந்தக் கணக்கு எனக்குமே சுவாரஸ்யமாக இருந்தது. நம் ஊரில் அந்த சர்வீஸில் ஆள் ஹெட் க்ளார்க் ஆகிக் கண்ணாடி மாட்டிக்கொண்டுவிடுவார். ஹான்காக்குக்கு அது தொடக்கம். விக்டருக்கு அது இருபத்திரண்டு வருஷ பஸ், கப்பல், ராத்திரிகளுக்குப் பிறகு வந்த இன்னொரு ராத்திரி.

இன்னொன்றையும் இளைஞர் கவனிக்க வேண்டும். நிரந்தர வேலையைத் தேர்ந்தெடுத்தவன் எல்லாம் பயந்தவன் இல்லை. கைதட்டல் இருந்த ஊரை 21 வயதில் உதறிவிட்டுக் கடல் தாண்டியவர் இவர். ரிஸ்க் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்தார். போதும் என்று தோன்றியபோது, கூப்பிட்டது மைல்ஸ் டேவிஸாகவே இருந்தாலும், போதும் என்று சொன்னார். இரண்டாவதற்கு முதலாவதைவிடத் தைரியம் வேண்டும் என்பது என் கட்சி.

"ஆனா சார், பேரு போச்சே!" என்றார் இளைஞர்.

அதுவும் நிஜம். மறைக்க முடியாது. விலை கொடுத்துத்தான் வாங்கினார்.

*

ஆனால் முழுசாகவும் போகவில்லை. அந்த ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். 'ஸெவன் ஸ்டெப்ஸ் டு ஹெவன்'. மொத்தம் ஆறு பாட்டு. மூன்றில் பியானோ விக்டர். மற்ற மூன்றில் ஹான்காக். அந்த மூன்றில் தலைப்புப் பாட்டை எழுதியவர்கள் விக்டரும் மைல்ஸும். 'ஜோஷுவா' விக்டருடையது. ஆக, கோஷ்டியில் சேராத மனிதர் ஆறில் ஐந்து பாட்டில் இருக்கிறார்! மிச்சமிருக்கும் ஒன்று, 'ஸோ நியர், ஸோ ஃபார்', டோனி க்ரோம்பி என்ற இன்னொரு லண்டன் டிரம்மர் பங்கெடுத்து எழுதியது. அமெரிக்க ஜாஸின் புது யுகம் பாதிக்குப் பாதி லண்டன் சரக்கோடு புறப்பட்டிருக்கிறது.

தலைப்புப் பாட்டைக் கேட்டால் ஒரு விஷயம் தெரியும். மெட்டு வெட்டி வெட்டி வரும். நடுநடுவே டிரம்ஸுக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். அந்தச் சந்துகளில்தான் பதினேழு வயது வில்லியம்ஸ் பட்டாசு கொளுத்துகிறார். டிரம்மர் எழுதிய மெட்டு என்பது அங்கே தெரிகிறது. தான் உட்கார மறுத்த மேடையில் இன்னொரு சின்னப் பையனுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார், முன்னாள் கிட் க்ரூப்பா. மைல்ஸ் அந்த இரண்டு மெட்டுகளையும் மேடைகளில் தொடர்ந்து வாசித்தார்.

ஸ்டூடியோ உத்தியோகமும் வெறும் குமாஸ்தா வேலையாக இருக்கவில்லை. ஃப்ராங்க் ஸாப்பா, ஜோனி மிட்சல், 1983-ல் டாம் வெய்ட்ஸின் 'ஸ்வார்ட்ஃபிஷ்ட்ராம்போன்ஸ்'. வெய்ட்ஸுக்கு விசித்திரச் சத்தங்கள் வேண்டும். விக்டர் வண்டியின் பிரேக் டிரம்மைத் தட்டிக் கொடுத்தார். அதுவும் ஒரு டிரம்தானே! 'ஸ்டீலி டேன்' கோஷ்டி 1972-லிருந்து 1980 வரை வெளியிட்ட ஏழு ஆல்பத்திலும் இவர் கை இருக்கிறது. அந்தக் கோஷ்டி ஆட்களை மாற்றுவதில் பிரசித்தம். ஒரு ஸோலோவுக்கு வரிசையாக ஆளைக் கூப்பிட்டு வாசிக்க வைத்து, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஏழுக்கு ஏழு அட்டெண்டன்ஸ்!

1987 மே 12-ல், லாஸ் ஏஞ்சலீஸ் வீட்டில், மாரடைப்பு. வயது 53. ரிடையர்மென்ட் வயதுகூட ஆகவில்லை. வேலை பார்த்தது 46 வருஷம். ஃபில் ஸீமன் வாழ்ந்ததே அவ்வளவுதான்.

*

கடைசியாக ஒன்று. 1974-ல் ஸ்டீலி டேனின் 'ரிக்கி டோன்ட் லூஸ் தட் நம்பர்' அமெரிக்கப் பட்டியலில் நாலாவது இடம் வரை ஏறியது. அந்தக் கோஷ்டிக்கு அதைவிடப் பெரிய ஹிட் கிடையாது. ஆல்பத்தில் அந்தப் பாட்டு ஒரு விநோதமான சத்தத்தோடு தொடங்கும். ஈர மரத்தில் யாரோ விரல் நுனியால் தாளம் போடுகிற மாதிரி, சில விநாடிகள். ஃப்ளபாம்பா என்று ஒரு வாத்தியம். மரிம்பாவுக்குத் தூரத்து உறவு. வாசித்தவர் விக்டர் ஃபெல்ட்மன்.

பாட்டை சிங்கிளாக வெளியிட்டபோது கம்பெனிக்காரர்கள் அந்தச் சில விநாடிகளைக் கத்தரித்துவிட்டார்கள். ரேடியோவில் நேரம் மிச்சம். அந்தக் கோடை முழுக்க அமெரிக்கா கேட்டது விக்டர் இல்லாத தொடக்கத்தை.

ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. இன்று ராத்திரி போனில் தேடிக் கேளுங்கள். ஆல்பம் பெயர் 'ப்ரெட்ஸல் லாஜிக்'. பாட்டு ஆரம்பிக்குமுன் முடிந்துவிடும், ஜாக்கிரதை.